மூன்றாவது பாட்டில் வரும் சத்தம்

மருத்துவமனையின் அடித்தளத்தில் உள்ள சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்த இஸ்திரிக்காரரும் அப்படித்தான். அவரை அவள் சித்தப்பா என்பாள். யாருக்கு யார் என்ன முறை என்று யோசித்தால் தலை சுற்றிவிடும் என்பதால் அங்கே யாரும் யோசிப்பதில்லை.

கூடம் என்றால் பெரிய கூடம். ஒரு சுவரை ஒட்டித் துவைக்கும் இயந்திரங்கள், எதிர்ச்சுவரில் நம்பர் போட்ட உலர்த்தும் இயந்திரங்கள், நடுவில் நீளமான மடிப்பு மேஜை, கோடியில் சித்தப்பாவின் நீராவி இஸ்திரி. ஜன்னல் என்று பேருக்கு மேலே ஒரு கீற்று. அதில் தெருவில் போகிறவர்களின் செருப்பு மட்டும் தெரியும். மாடிகளில் யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகள் எல்லாம் இங்கே வந்து, வெளுத்து, சூடாக மடிந்து, மறுபடி மேலே போகும். இரைச்சலுக்குக் குறைவே இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் காதைப் பொத்திக்கொள்வார்கள். மறுவாரம் எந்த இரைச்சல் என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

பெரியக்காவின் அம்மா இங்கே வேலை பார்த்தவள். அவள் கண்ணை மூடிய பிறகு அந்த வேலை மகளுக்கு வந்தது. கூடவே, இன்னும் சரியாக நடக்கக்கூடப் பழகாத ஒரு தம்பியும் வந்தான். அவனை விட்டுவிட்டு வர வீட்டில் ஆள் கிடையாது. விரிப்பு தள்ளும் சக்கர வண்டி ஒன்றில் சுடச்சுட உலர்ந்த துணியைப் பரப்பி, அதில் அவனைப் போட்டு, உலர்த்தும் இயந்திரங்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டு வேலை பார்த்தாள். அன்றைய மேலாளர் நல்ல மனுஷர். அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார். பையன் அங்கேதான் தூங்கினான், அங்கேதான் வளர்ந்தான். கையில் ஒரு ஹேங்கரைப் பிடிக்கத் தெரிந்த நாளிலிருந்து வாளி, வண்டி, குழாய் என்று கண்டதை எல்லாம் தட்டினான். "தட்டாதடா" என்று அவள் சொன்ன அளவுக்கு வேறு எந்தச் சொல்லையும் அவள் வாழ்நாளில் சொன்னதில்லை.

கேட்டானா? உதவித்தொகை வாங்கி பிரிட்டனுக்குப் படிக்கப் போனவன், படிப்பு முடிந்த கையோடு அந்த ஊர்ப் பையன்கள் மூன்று பேருடன் சேர்ந்து ஒரு ராக் இசைக்குழு ஆரம்பித்தான். மற்றவர்கள் பாடுவதும் கிட்டார் வாசிப்பதும். இவன் டிரம்ஸ். படிக்கப் போன பிள்ளை அங்கேயும் போய்த் தட்டிக்கொண்டிருக்கிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஒரு மாதம் போனில் உம் கொட்டுவதோடு சரி. பிறகு தம்பியாயிற்றே, கோபம் எத்தனை நாளைக்கு நிற்கும்? ஆனால் கூடத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. தம்பிக்கு வெளிநாட்டில் வேலை என்பாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "இந்த மடிப்பு யாரோடது? நாய் மென்னு துப்பின மாதிரி இருக்கு" என்று ஒரு சத்தம் போடுவாள். பேச்சு மாறிவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் அவர்களுடைய முதல் ஆல்பம் வெளிவந்தது. தம்பி பாட்டுகளை அனுப்பினான். அவள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு காதில் மாட்டிக் கேட்டாள். முதல் பாட்டு இடி விழுந்த மாதிரி இருந்தது. இரண்டாவது பாட்டில் அழ ஆரம்பித்தவள் கடைசி வரை அழுதாள். ஒன்றும் புரியவில்லை, ஒன்றும் காதில் ஏறவும் இல்லை. என் பிள்ளை, என் பிள்ளை என்பது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. போன் பண்ணி ஆகா ஓகோ என்றாள்.

தம்பிக்கு அது போதவில்லை. அந்த ஊரில் ஆல்பத்தை யாரும் சீந்தவில்லையாம். ஒரே ஒரு பத்திரிகை இரண்டு வரி எழுதியதாம்: நன்றாகத்தான் வாசிக்கிறார்கள், ஆனால் ஏதோ ஒன்று குறைகிறது என்று. பாடுகிறவன் ஏற்கெனவே ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை தேடிக்கொண்டுவிட்டான். அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு நால்வரும் உட்கார்ந்து, குழுவைத் தொடர்வதா கலைப்பதா என்று பேசப் போகிறார்கள்.

"நீ நல்லா இருக்குன்னு சொல்றது கணக்குல வராதுக்கா. நான் வாளியைத் தட்டினாலும் நீ நல்லா இருக்குன்னுதான் சொல்லுவ. உன் கூட வேலை பாக்கறவங்களுக்குப் போட்டுக் காட்டு. யார் பாட்டுன்னு சொல்லாத. என்ன சொல்றாங்களோ அதை அப்படியே எங்கிட்ட சொல்லு" என்றான். குரல் இறங்கியிருந்தது. இந்தப் பிள்ளை கையிலிருந்து குச்சியைக் கீழே போட்டுவிடுவானோ என்று அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. பாருங்கள் வேடிக்கையை, இத்தனை வருஷம் தட்டாதே தட்டாதே என்று கத்தியவள், இப்போது அவன் தட்டுவதை நிறுத்திவிடக் கூடாதே என்று தவித்தாள்.

கூடத்தில் பாட்டுக்கு ஒரு முறை உண்டு. ஆணியில் தொங்கும் ஸ்பீக்கர் வாரத்துக்கு ஒருவர் வசம். அந்த வாரம் முழுக்க அவர் போடுவதுதான் பாட்டு. மற்றவர்கள் திட்டலாம், முகத்தைச் சுளிக்கலாம், ஸ்பீக்கரில் மட்டும் கை வைக்கக் கூடாது. வைத்தால் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். அந்த வாரம் பெரியக்காவின் முறை. திங்கட்கிழமை காலை, வாயை இறுக மூடிக்கொண்டு, தம்பியின் ஆல்பத்தைப் போட்டாள்.

அபிப்பிராயங்கள் உடனுக்குடன் வந்தன. அரைப் பாட்டு முடிவதற்குள் சித்தப்பா இஸ்திரியைத் தூக்கி நிறுத்திவிட்டு, இவனுங்களுக்கு யார் மேல் இவ்வளவு கோபம் என்று கேட்டார். மடிப்பு மேஜையில் பெரியக்காவுக்கு எதிரே நிற்கும் பெண்ணுக்கு மைனா என்று பெயர். வாய் ஓயாததால் வந்த பெயர். பாடுகிறவனுக்கு வயிற்றுவலி போல, மேலே மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டலாம் என்றாள் அவள். துணி ஏற்ற வந்த வேன் டிரைவர், நம் வண்டியின் சத்தமே இதற்குத் தேவலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் சித்தப்பா ஸ்பீக்கர் வரைக்கும் போய், டீயை நினைத்துத் திரும்பி வந்தார். பெரியக்கா விரிப்புகளை அடித்து உதறி மடித்தாள். ஒவ்வொரு சொல்லும் முகத்தில் விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் அப்படியே சொல்வதாகத் தம்பிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. எல்லாவற்றையும் மனதில் போட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை ஒரு விஷயம் நடந்தது. மூன்றாவது பாட்டு ஓடும்போது மைனா பேச்சை நிறுத்தினாள். இது சாதாரண விஷயம் இல்லை. அந்தப் பாட்டின் நடுவில் கிட்டார், குரல் எல்லாம் ஓய்ந்துபோகும். லேசாக ஒரு இழுப்பு மட்டும் நிற்கும். அப்போது டொக்... டொக்... டொக்... என்று ஒரு தட்டு வரும். அவசரமே இல்லாத தட்டு. மைனாவின் கை அதற்கேற்ப மடித்தது. கோடியில் சித்தப்பாவின் கால் நீராவி மிதியை அதற்கேற்ப மிதித்தது. வியாழக்கிழமை அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை வேன் டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு உள்ளே வந்து நின்று கேட்டார். சில சமயம் அந்தத் தட்டு கொஞ்சம் முன்னே பின்னே வரும். அப்போதெல்லாம் பாட்டு லேசாகத் தள்ளாடுகிறது என்பாள் மைனா. நல்ல பாட்டு என்றால் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரிதான் இருக்கும் என்று சித்தப்பா விளக்கம் சொன்னார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் சித்தப்பாவின் முறை. பழைய மெல்லிசையைத் தவிர வேறெதையும் தீண்டாத அந்த மனுஷர், "என் முறை கிடக்கட்டும். அந்த டொக்கு டொக்கையே போடுங்க பெரியக்கா" என்றார்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று இடைவேளையிலேயே தம்பிக்குப் போன் போட்டு, கோபம், வயிற்றுவலி, வேன் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். பிறகு மூன்றாவது பாட்டுக்கு வந்தாள். நடுவில் வரும் அந்தத் தட்டுக்குக் கூடமே அடிமை என்றாள்.

"எந்தத் தட்டு?"

"எல்லாம் ஓய்ஞ்சதும் டொக்கு டொக்குன்னு வருதே, அதுதான்டா."

"அங்க நான் வாசிக்கவே இல்லக்கா. அந்த இடம் வெறுமனேதான் இருக்கு" என்றான். சற்றுப் பொறுத்து, "எனக்காக இட்டுக்கட்டாதன்னு சொன்னேன்ல" என்று போனை வைத்துவிட்டான்.

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கூடத்தில் அத்தனை பேர் காதும் பொய்யா? திரும்பப் போய் பாட்டைப் போட்டாள். டொக்... டொக்... வந்தது, தெளிவாக வந்தது. மறுபடி அழைத்தாள்; அவன் எடுக்கவில்லை. வாரம் முழுக்க எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துணி குறைவு. அன்றுதான் மெக்கானிக் வந்து இயந்திரங்களைப் பார்ப்பார். சாயங்காலம் வந்தவர் இரண்டாம் நம்பர் உலர்த்தும் இயந்திரத்துக்குள் தலையை விட்டு, வெகுகாலமாகத் தளர்ந்து கிடந்த ஒரு தகட்டைத் திருகாணி போட்டு இறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார். பெரியக்கா பாட்டைப் போட்டாள். மூன்றாவது பாட்டு வந்தது. கிட்டார் ஓய்ந்தது, குரல் ஓய்ந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஒன்றும் வரவில்லை.

"பாட்டை யாரோ கெடுத்துட்டாங்க" என்றாள் மைனா. சித்தப்பா ஸ்பீக்கரையே குலுக்கிப் பார்த்தார். டீயைப் பற்றி யாரும் நினைக்கக்கூட இல்லை. பெரியக்காவின் கண் மட்டும் மெல்லத் திரும்பி, சமர்த்தாகச் சுற்றிக்கொண்டிருந்த இரண்டாம் நம்பரில் போய் நின்றது. இரண்டு வாரமாக இவர்கள் ரசித்தது தம்பியை இல்லை, துணி காயப்போடுகிற இந்த டப்பாவை. பக்கத்தில் கிடந்த விரிப்புக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். என்ன பெரியக்கா, என்ன என்று கேட்டவர்களிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். தம்பி யார், பாட்டு யாருடையது, இன்று அங்கே என்ன முடிவாகப்போகிறது, எல்லாம்.

மைனாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அதனால என்னக்கா? அந்த மெஷின் இருபது வருஷமா சுத்துது. ஒரு நாளாவது நாம நின்னு கேட்டிருக்கோமா? அந்தப் பாட்டோட சேந்தப்பதானே நல்லா இருந்துச்சு?"

சித்தப்பா மெக்கானிக் பக்கம் திரும்பினார். அந்தத் தகட்டை மறுபடி தளர்த்தச் சொன்னார். மெக்கானிக் சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். இத்தனை வருஷ சர்வீஸில் இயந்திரத்தைச் சரி பண்ணியதற்காகத் திட்டு வாங்குவது இதுதான் முதல் தடவை என்று முனகிக்கொண்டே மறுபடி தலையை உள்ளே விட்டார். துணியைக் கிழிக்காது, முன்பு ஆடிய அளவுக்கு ஆடும், அவ்வளவுதான், தன் பெயரை வெளியே சொல்லிவிட வேண்டாம் என்றார்.

பெரியக்கா தம்பிக்கு அழைத்தாள். எடுக்கவில்லை. மைனா தன் போனிலிருந்து அழைத்தாள். தெரியாத நம்பர் என்றதும் எடுத்துவிட்டான். பக்கத்தில் மற்ற மூன்று பேரும் பேசும் சத்தம் கேட்டது. பெரியக்கா போனைப் பிடுங்கி, "ஒரு வார்த்தை பேசாத. கேளு" என்றாள். போனை இரண்டாம் நம்பருக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தாள். சித்தப்பா பாட்டைப் போட்டார்.

கிட்டார் ஓய்ந்தது. குரல் ஓய்ந்தது. டொக்... டொக்... டொக்...

பாட்டு முடிந்தது. சிரிக்கிறானா அழுகிறானா என்று அவளுக்குப் பிடிபடாத குரலில் தம்பி கேட்டான்.

"அக்கா, அது ரெண்டாம் நம்பர்தானே?"

"அதேதான்டா. இன்னும் உயிரோட இருக்கு."

"ரெக்கார்டிங்ல எல்லாரும் அந்த இடத்துல ஏதாவது வாசின்னு சொன்னாங்கக்கா. நான் மாட்டேன்னு சண்டை போட்டேன். அங்க ஏற்கெனவே ஒரு தட்டு ஓடிட்டுதானே இருக்கு, அதுமேல எதுக்கு நான் வேற தட்டணும்னு தோணிச்சு. எல்லாருக்கும் அது கேக்குதுன்னுதான் நெனச்சேன். யாருக்கும் கேக்கலன்னதும் என் பிரமைன்னு விட்டுட்டேன், அது எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பதான் புரியுது."

பெரியக்கா ஒரு கையை இரண்டாம் நம்பரின் கதவில் வைத்தாள். சூடாக இருந்தது. இதே சூட்டில், இதே சத்தத்தில், சக்கர வண்டிக்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிய குழந்தை அவள் கண்ணுக்குள் வந்தது. இந்தத் தடவை அழுகைக்கு நடுவிலும் அவளுக்குப் பாட்டு நன்றாகக் காதில் ஏறியிருந்தது.

அங்கே யாரோ ஆங்கிலத்தில் அவசரமாக ஏதோ கேட்டார்கள். தம்பி பதில் சொன்னான். நாலு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பேச்சில் ஒரு துள்ளல் இருந்தது; குழுவைக் கலைக்கப் போகிறவர்கள் பேசுகிற பேச்சு இல்லை அது. தம்பியின் குரல் மட்டும் மறுபடி கிட்டே வந்தது.

"அக்கா, மெஷினை நிறுத்திடாத. அப்படியே பிடிச்சுக்கோ. இன்னொரு தடவை பாட்டைப் போடச் சொல்லு. ஓடட்டும், நான் இங்க உக்காந்து கூடவே வாசிக்கறேன்."

சித்தப்பா முதலிலிருந்து பாட்டைப் போட்டார். போட்டுவிட்டு மைனாவின் காதில், பையன் பரவாயில்லை, ஆனால் இரண்டாம் நம்பர்தான் கெட்டிக்காரன் என்று தன் இறுதி அபிப்பிராயத்தைச் சொன்னார். மெக்கானிக் கூடக் கிளம்பாமல் கதவோரம் நின்றார். உள்ளே இருந்த விரிப்புகள் எப்போதோ உலர்ந்துவிட்டன. பெரியக்கா கை வலிக்க வலிக்கப் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, வாயை அதன் கிட்டே கொண்டுபோய்ச் சொன்னாள்.

"தட்டுடா."