பெட்டிபோன் பிடித்த பின்கம்பு

ஹோசியா பெட்டிபோன் எங்கள் கல்லூரியில் ஒரு நாள்கூடப் படித்ததில்லை. வார நாட்களில் அங்கே கொதிகலன் அறையில் வேலை. சனிக்கிழமை, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தில் தூரம் அளக்கும் சங்கிலி பிடிப்பார். மறுமுனையைப் பதினாறு வருஷம் பிடித்தவன் நான்.

சங்கிலி பத்து கஜம். இரண்டு முனையிலும் ஒவ்வொரு கம்பு. நாலு முயற்சிக்குள் பந்தைப் பத்து கஜம் நகர்த்தினால் பந்து நம்மிடமே இருக்கும், இல்லாவிட்டால் எதிராளிக்குப் போய்விடும். பின்கம்பு ஹோசியாவுடையது. முதல் முயற்சிக்கு முன் நடுவர்களில் ஒருவர், பந்து இருக்கும் இடத்துக்கு நேராக, கோட்டோரமாகக் குதிகாலை ஊன்றிக் காட்டுவார். சரியாக அங்கே குத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை, ஆனால் அதில் அவர் காட்டிய கறாரைப் பார்த்தால் பாலம் கட்டுகிறார் என்று நினைப்பீர்கள்.

கறுப்பினப் பிள்ளைகளுக்கான எங்கள் லோரிங் ஃபெர்ரி கல்லூரியின் ஃபுட்பால் 1926-ல் ஒரு மேய்ச்சல் நிலத்தில் ஆரம்பித்தது. முதல் சங்கிலி, கோவேறு கழுதையை ஏரில் பூட்டுகிற சங்கிலி. ஹோசியா சேர்ந்த 1952-ல், வடக்கே இருந்த வெள்ளைக்காரக் கல்லூரி தூக்கிப்போட்ட தலைக்கவசங்கள்தான் எங்களுக்கு வந்தன. கொதிகலன் அறையில் உட்கார்ந்து அவற்றுக்கு ஊதா வண்ணம் அடித்தவர் அவர்தான். அந்த ஓட்டைக் கவசங்களோடு அந்த வருஷம் ஒன்பது ஆட்டம் ஜெயித்தோம். பிறகு பெரிய வெள்ளைக்காரப் பல்கலைக்கழகங்கள் எங்கள் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்தன. நல்லதுதான், யார் வேண்டாம் என்றது? ஆனால் காலில் வேகமுள்ளவன் எல்லாம் அந்தக் கதவு வழியாகப் போய்விட்டான். 1983-ல், பழைய மாணவர்கள் திரும்பி வரும் ஹோம்கமிங் ஆட்டத்துக்கு முன்பு, தொடர்ந்து பதிமூன்று ஆட்டம் தோற்றிருந்தோம்.

ஆனாலும் கூட்டம் குறையவில்லை. காரணம், எங்கள் கல்லூரியின் பேண்ட் வாத்தியக் குழு. எங்கள் ஜனங்கள் கழிப்பறைக்குப் போவதும் பொரித்த மீன் வாங்குவதும் ஆட்டம் நடக்கும்போதுதான். இடைவேளையில் பேண்ட் வாசிக்கும், அப்போது ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

அலபாமாவிலிருந்து வந்த அணியோடு ஆடிய அந்த ஹோம்கமிங்கில் இடைவேளைக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. காலையில் பெய்த மழையில் மண் ஈரம். பந்து எங்களிடம், எதிராளியின் எல்லைக்குப் பக்கத்தில். அந்த நேரம் பேண்ட் மூலையில் வந்து வரிசை கட்டியது. ஹோசியா கம்பைக் குத்தினார். அடுத்த மூன்று முயற்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தோம். நாலாவதில் எங்கள் ஆள் முட்டி மோதி விழுந்தான். நடுவர் அளக்கச் சொன்னார். சங்கிலியைக் கொண்டுபோய் நீட்டினோம். பந்து என் கம்பை மூன்று விரல் தாண்டியிருந்தது. பந்து எங்களுக்கே. மைதானம் அதிர்ந்தது.

ஹோசியா நகரவில்லை.

"ஐயா, ஒரு நிமிஷம். கம்ப நான் தப்பா ஊணிட்டேன்."

"அண்ணே, வாயப் பொத்துங்க," என்றேன். "பதிமூணு ஆட்டம்ண்ணே."

"குழி அங்கதான் இருக்கு. வந்து பாக்கச் சொல்லு."

நடுவர் போய்ப் பார்த்தார். ஈரமண்ணில் குதிகால் தடம் ஒரு இடத்தில், கம்பின் குழி ஒரு சாண் பின்னால். அந்தச் சாணைக் கழித்தால் பந்து பத்து கஜத்தை எட்டவில்லை. பந்தை எதிராளிக்குக் கொடுத்தார். கடைசியில் மூன்று புள்ளியில் தோற்றோம்.

"பெட்டிபோன், அலபாமாக்காரன் உனக்கு எத்தன மீன் வாங்கிக் குடுத்தான்?" என்று பார்வையாளர் படிகளின் மேலிருந்து ஒருத்தி கேட்டாள். மறுநாள் சர்ச்சில் அவர் உட்கார்ந்த பலகையில் மனைவி மட்டும்தான் இருந்தாள். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கம்பை அவரிடமிருந்து பிடுங்க வேண்டும் என்று பழைய மாணவர் சங்கம் கோச்சுக்கு ஆள் அனுப்பியது.

திங்கட்கிழமை கோச் டாலிவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஹோசியா தொப்பியைக் கசக்கியபடி நின்றார். அவருக்கு வேறு விளையாட்டு, வேறு பொழுது எதுவும் கிடையாது. அந்தக் கம்பு போனால் சனிக்கிழமையே போயிற்று.

"முப்பது வருஷத்துல ஒரு தடவ தப்பினதில்லயே. என்ன ஆச்சு உங்களுக்கு?"

"பேண்ட் வந்துட்டுது கோச்."

"என்ன வாசிச்சாங்க?"

"எதுவும் வாசிக்கல. பன்னெண்டு பெரிய முரசயும் ஒரே வீச்சுல தோளுக்கு ஏத்தினாங்க. அதப் பாத்தேன். அந்த நேரம் கை கம்பக் குத்திட்டுது."

கோச் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"அத நானும்தான் பாத்தேன்," என்றார். "அதுல முதல் முயற்சிக்குப் பசங்க எப்படி ஆடணும்ங்கறத மாத்திச் சொல்லிட்டேன். இது இந்த ரூமத் தாண்டிப் போகக் கூடாது."

"அப்ப கம்பு?"

"கம்புக்கு என்ன? நீங்களே பிடிங்க. அந்த முரசுங்கள உங்க முதுகுக்குப் பின்னால நிறுத்தச் சொல்றேன். என் கண்ணுலயும் படாம இருக்கும், அதான் நல்லது."

அடுத்த ஆட்டத்தில் பேண்ட் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. ஹோசியாவின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது. திரும்பவில்லை. கம்பைக் குதிகால் பக்கத்தில் மயிரிழை பிசகாமல் குத்தினார். பிறகு என் பக்கம் பார்த்துக் கத்தினார்.

"ஏத்திட்டாங்களாடா?"

"ஏத்திட்டாங்கண்ணே."

"பன்னெண்டும் ஒண்ணாவா?"

"ஒருத்தன் மட்டும் கொஞ்சம் லேட்டு."

"யாருன்னு பாத்து வை," என்றார் ஹோசியா.