கயாக்கின் வாலும் எலுமிச்சை மூடியும்

என் மருமகள் கயாக் ஓட்டுகிறவள். இதை எழுதும்போதே எனக்குக் கை துள்ளுகிறது. எங்கள் மீன்சுருட்டிப் பக்கத்தில் மருமகள் ஸ்கூட்டர் ஓட்டுகிறாள், காரே ஓட்டுகிறாள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். துடுப்புப் போட்டுக் கடலில் போகிற ஒத்தை ஆள் படகு, கயாக், ஓட்டுகிறாள் என்று சொல்லிக்கொள்ள இந்த ஜில்லாவிலேயே என் ஒருத்திக்குத்தான் வாய்த்திருக்கிறது. ஜெயங்கொண்டம் பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் இறங்குவதற்குள் சொல்லிவிடுவேன்.

அவள் கடற்கரை ஊர்க்காரி. அவள் அப்பா படகு வைத்து மீன் பிடிக்கிறவர். சின்ன வயதில் ஒருநாள் தன்னையும் படகில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லி அழுதிருக்கிறாள். "பொம்பளப் புள்ள கரையில நிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. படித்தாள், விளையாட்டு டீச்சர் ஆனாள், என் மகனைக் கட்டிக்கொண்டு கடலே இல்லாத எங்கள் ஊருக்கு வந்தாள். வந்த மூன்றாவது வருடம் புதுச்சேரியில் யாரோ ஓட்டி விற்ற கயாக் ஒன்றைக் கார் கூரையில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினாள். பதினேழு அடி நீளம், மஞ்சள் நிறம், நடுவில் ஒரு ஆள் இடுப்பு நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அதை வைக்க இடமில்லாமல் மாட்டுக் கொட்டகையில் உத்திரத்தோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டோம். மாடு ரெண்டு நாள் மிரண்டது, பிறகு பழகிவிட்டது.

ஒரு வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏரியிலும், தண்ணீர் வந்தால் கொள்ளிடத்திலும் பழகினாள். கயாக் ஓட்டுகிற கூட்டம் ஒன்று அவள் பிறந்த ஊர்க் கரையிலிருந்தே கடலில் கிளம்பப் போகிறது என்று தெரிந்ததும் பெயர் கொடுத்துவிட்டாள். அப்பா கண் முன்னால் கடலில் இறங்க வேண்டும். அவள் வாய் விட்டுச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

கிளம்புவதற்கு முதல் நாள் சனிக்கிழமை. காலையில் ஏரிக்குக் கடைசியாக ஒரு தடவை பழகப் போனவள் ஒன்பது மணிக்கே திரும்பி வந்தாள். முகம் செத்துக் கிடந்தது.

"என்னம்மா?"

"ஸ்கெக் போயிடுச்சு அத்த."

ஸ்கெக் என்பது என்ன என்று நான் முன்னமே அவளிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தேன். கயாக்கின் அடியில், பின்பக்கமாக, ஒரு விரல் அகலத்துக்கு நீளமான பள்ளம் இருக்கும். அதற்குள் ஒரு தகடு மடங்கிப் படுத்திருக்கும். உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குமிழ். குமிழைப் பின்னால் தள்ளினால் உள்ளே ஓடுகிற கம்பி தகட்டைத் தள்ளித் தண்ணீருக்குள் இறக்கும். முன்னால் இழுத்தால் தகடு மேலே ஏறிப் படுத்துக்கொள்ளும். பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது அந்தத் தகடு இறங்கி நின்றால்தான் கயாக் நேராகப் போகும். இல்லாவிட்டால் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டே இருக்கும். நான் அதை வால் என்றுதான் சொல்வேன்.

"வால் இல்லாம போக முடியாதா?"

"கெளம்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு படகையும் பாப்பாங்க. ஸ்கெக் வேல செய்யலன்னா கரையிலயே நிறுத்திடுவாங்க. இது காத்து மாறுற நேரம் அத்த."

சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறு என்றது. கம்பி வேலை! நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள், இதையே எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் முப்பது வருடம் எங்கள் சைக்கிள் கடையில் பிரேக் வேலை முழுக்க என் கைதான் பார்த்தது. என் வீட்டுக்காரர் பஞ்சர் ஒட்டுவார், வீல் கோட்டம் எடுப்பார். பிரேக் கம்பி என்றால், "உள்ள அம்மாகிட்ட போங்க" என்று என்னிடம் தள்ளிவிடுவார்.

"எழுந்திரு புள்ள. கவுத்துப் போடு அத" என்றேன்.

இரண்டு பேரும் கயாக்கைக் கவிழ்த்து வைக்கோல் மேல் வைத்தோம். குமிழுக்குப் பக்கத்தில் கம்பி மடிந்து கொக்கி மாதிரி நின்றது. தகடு இறங்காமல் மாட்டியிருந்திருக்கிறது, இவள் தெரியாமல் அழுத்தித் தள்ளியிருக்கிறாள், போக இடமில்லாத கம்பி மடிந்துவிட்டது.

"கல்லு மாட்டியிருக்கும் அத்த. போன வாரம் கரையில சரளைக் கல்லு மேல இழுத்துட்டேன். என் தப்புதான்." அவள் குறடு எடுத்துவரக் கொட்டகைக்குள் போனாள்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு ஸ்போக் கம்பியைப் பள்ளத்துக்குள் விட்டு நெம்பினேன். ஏதோ தட்டுப்பட்டது. கல் மாதிரி இல்லை. பலமாக ஒரு நெம்பு நெம்பினேன். பொத்தென்று என் மடியில் விழுந்தது. காய்ந்து கருத்துச் சுருண்ட எலுமிச்சை மூடி. ஓரத்தில் இன்னும் குங்குமம் ஒட்டியிருந்தது.

அது நான் வைத்த மூடி.

இந்தத் திங்கட்கிழமை, ஆயுத பூஜை அன்று, வீட்டில் இருக்கிற வண்டிக்கெல்லாம் பொட்டு வைத்தேன். காருக்கு நாலு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம். ஸ்கூட்டருக்கு ரெண்டு. என் பழைய சைக்கிளுக்கும் ரெண்டு. கயாக்குக்குச் சக்கரம் எங்கே இருக்கிறது? அதை மட்டும் விட்டுவிட மனசு வரவில்லை. கடலுக்குப் போகிற வண்டி, அதற்குத்தானே முதலில் வைக்க வேண்டும்? பிழிந்த மூடி ஒன்றில் குங்குமம் தடவி, இரண்டாக மடித்து, அடியில் இருந்த ஒரே பள்ளத்தில் கட்டைவிரலால் அழுத்தி வைத்தேன். நன்றாக உள்ளே போனது. அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

குறடோடு அவள் வருகிற சத்தம் கேட்டது. மூடியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"கல்லா அத்த?"

"ம். வந்துடுச்சு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், முப்பது வருடம் யார் வண்டியையும் நான் கெடுத்ததில்லை. மருமகள் வண்டியைக் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. முதலில் சரி செய்துவிடுவோம், சொல்வதைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று நினைத்துக்கொண்டேன்.

குமிழின் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, மடிந்த முனையை வெட்டிவிட்டு, கெட்ட கம்பியைத் தகட்டுப் பக்கமாக உருவி எடுத்தேன். என் பெட்டியிலிருந்து புது பிரேக் கம்பி ஒன்றை எடுத்து, அது போகிற குழாய்க்குள் விட்டேன். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போயிற்று. இரண்டு பக்கமும் இறுக்கினேன்.

"இழு பாக்கலாம்."

இழுத்தாள். வால் மேலே ஏறியது. கைதட்டினேன்.

"இப்பத் தள்ளு."

தள்ளினாள். கம்பி குழாய்க்கு வெளியிலேயே நெளிந்துகொண்டது. வால் அசையவில்லை. மறுபடி தள்ளினாள். நூலைத் தள்ளுகிற மாதிரி துவண்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரேக் கம்பி இழுக்க மட்டும்தான் தெரிந்த கம்பி. திரும்பிப் போவதற்கு சைக்கிளில் ஸ்பிரிங் இருக்கிறது. இதற்கு இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். இத்தனை வருடம் கம்பியோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டாமா?

"விடுங்க அத்த. நீங்க பாத்ததே போதும். அடுத்த வருஷம் போயிக்கிறேன்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து என் கொழுந்தனார் டிராக்டரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். இறங்குவதற்கு முன்னால் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற ஒரு குமிழை வெளியே இழுத்தார். இன்ஜின் அடங்கியது. குமிழை உள்ளே தள்ளிவிட்டு இறங்கினார்.

நான் வைக்கோலிலிருந்து எழுந்தே விட்டேன்.

"தம்பி! இப்ப என்ன பண்ணுன?"

"என்ன பண்ணுனேன்? வண்டிய ஆஃப் பண்ணுனேன்."

"இழுத்த, அப்புறம் தள்ளுன. தள்ளுனா உள்ள போவுதுல்ல?"

"போவாம? தள்ளுனாத்தான அண்ணி மறுபடி ஸ்டார்ட் ஆவும்?"

"உள்ள ஒத்தக் கம்பியா, முறுக்குக் கம்பியா?"

"ஒத்தக் கம்பிதான். நல்லா வெறைப்பா இருக்கும். ஏன்?"

என் கண் டிராக்டரைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"அண்ணி, வேணாம். நாளைக்கு அஞ்சு ஏக்கர் உழவு இருக்கு."

"உழு. யாரு வேணாங்கறா?"

"வண்டிய எப்படி நிறுத்துறது?"

"கியர்ல போட்டு பிரேக்க மிதிச்சுகிட்டு கிளட்ச்ச விடு. நின்னுட்டுப் போவுது. ஒன் கல்யாணத்துக்கு முன்னாடி பிரேக்கே இல்லாத சைக்கிள்ல செருப்பத் தேச்சு நிறுத்துன ஆளுதான நீ?"

"அத சரி பண்ணித் தரேன்னு மூணு மாசம் இழுத்தடிச்சது யாரு? நீங்கதான்!"

மருமகள் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. கொழுந்தனார் அவளைப் பார்த்தார், கவிழ்ந்து கிடந்த மஞ்சள் கயாக்கைப் பார்த்தார், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "ஸ்பானர எடு" என்றார்.

டிராக்டரிலிருந்து உருவிய கம்பி எங்கள் கயாக் குழாய்க்குள் கொஞ்சமும் சண்டை போடாமல் ஓடியது. நீளம் ஒரு சாண் கூட இருந்தது. வெட்டின முனையை அரத்தால் மழுங்க ராவினேன், குழாயைக் கிழிக்கக் கூடாது அல்லவா? துரு ஏறாமல் இருக்க கம்பி முழுக்க கிரீஸ் பூசினேன். பள்ளத்துக்குள் மட்டும் ஒரு துளிகூடப் படாமல் துடைத்தேன், பட்டால் மணலை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும் என்று மருமகள் சொன்னாள். வாலை முழுக்க மடக்கி வைத்துக் குமிழை முன்னால் நிறுத்தி ஸ்க்ரூவை முடுக்கினேன்.

"தள்ளு."

தள்ளினாள். டக். வால் எழுந்து நின்றது. இழுத்தாள், படுத்தது. தள்ளினாள், நின்றது. நாங்கள் மூன்று பேரும் மாற்றி மாற்றித் தள்ளிப் பார்த்தோம். கொழுந்தனார் மட்டும் பத்துத் தடவை தள்ளியிருப்பார். சாயந்திரம் ஏரியில் இறக்கிப் பார்த்தோம். மேல்காற்றுக்குக் குறுக்கே அம்பு மாதிரி போனாள். நான் கரையில் நின்று கத்திய கத்தலில் கொக்கெல்லாம் பறந்துவிட்டது.

மறுநாள் அவளோடு நானும் போனேன். எலுமிச்சை மூடியும் என்னோடு வந்தது. சுருக்குப் பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் கிடந்தது. போகிற வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். அவள் பாட்டை ஏற்றி வைத்துக்கொண்டு சந்தோஷமாக ஓட்டுவாள். மூடிக்கொள்வேன்.

கரையில் பதினைந்து கயாக் வரிசையாகக் கிடந்தது. சம்பந்தி, அவள் அப்பா, வெள்ளை வேட்டியோடு கொஞ்சம் தள்ளி நின்றார். "வாங்க சம்பந்தி" என்றதோடு சரி, கண்ணெல்லாம் மகளிடம்தான்.

கூட்டத்தை நடத்துகிற தம்பி ஒவ்வொரு படகாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் குமிழைத் தள்ளினார், இழுத்தார். கம்பியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கம்பி மாத்தியிருக்கீங்க. பழசுக்கு என்னாச்சு?"

"மடிஞ்சிருச்சு சார். சரளை மேல இழுத்துட்டேன்."

"எத்தன தடவ சொல்லியிருக்கேன்? படகத் தூக்கணும், இழுக்கக் கூடாதுன்னு. கரையிலயே கவனமில்லன்னா கடல்ல ஒங்கள எப்படி நம்புறது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் பார்வையை மணலுக்கு இறக்கிவிட்டார். ஒரு வருடம் ஏரியில் பழகியது, கேட்காமலே வைத்திருந்த ஆசை, எல்லாம் என் சுருக்குப் பையில் கிடந்த ஒரு காய்ந்த மூடிக்காகத் தலை குனிந்து நின்றது.

"அவ மேல தப்பில்ல தம்பி" என்றேன். பையை அவிழ்த்து மூடியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். "கல்லும் இல்ல ஒண்ணும் இல்ல. இதுதான் மாட்டிகிச்சு. ஆயுத பூஜைக்கு நான்தான் வச்சேன். சக்கரம் இல்லாத வண்டிக்கு எங்க வைக்கிறதுன்னு தெரியல. நேத்தே எடுத்துட்டேன், சொல்ல வெக்கமா இருந்துச்சு. கம்பியும் நான்தான் போட்டேன்."

அந்தத் தம்பி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உதட்டைக் கடித்தார். முடியவில்லை, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டார். பக்கத்துப் படகுக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். மருமகள் என்னை முறைத்தாள்.

"அத்த! நேத்து முழுக்க நான் என்னையவே திட்டிகிட்டு இருந்தேன்!"

"திட்டு. இப்ப என்னையத் திட்டு. திட்டிட்டுக் கெளம்பு."

"வந்து வச்சிக்கிறேன் ஒங்கள" என்றவள் என் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

சம்பந்தி இப்போதுதான் கிட்டே வந்தார். குனிந்து கம்பியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது என்ன கம்பி?"

"டிராக்டர் கம்பி" என்றேன்.

"நம்ம டிராக்டரா?"

"எங்க கொழுந்தனாருது."

வேட்டியை மடித்துக் கட்டினார். கயாக்கின் பின்பக்கத்தை அவர் தூக்கினார், முன்பக்கத்தை மகள் தூக்கினாள். மணலில் ஒரு கோடுகூட விழாமல் தண்ணீருக்குக் கொண்டுபோனார்கள். அலை உடைகிற இடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, அவள் உட்கார்ந்து முடிக்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தள்ளு.

மூன்று அலை தாண்டினாள். அதற்கு அப்பால் காற்று பக்கவாட்டில் அடித்தது. கயாக்கின் மூக்கு திரும்ப ஆரம்பித்தது. அவள் கை துடுப்பை விட்டுக் கீழே இறங்கியது தெரிந்தது. குமிழைத் தள்ளுகிறாள். ஒரு நொடி. மூக்கு நின்றது. மஞ்சள் படகு காற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேராக, நேராகப் போனது.

"எறங்கிடுச்சு!" என்று நான் குதித்தேன். இந்த வயதில் மணலில் குதித்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை.

சம்பந்தி நனைந்த வேட்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணுக்கு மேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயந்திரம் அவ வர்ற நேரத்துக்கு நான் படக எடுத்துகிட்டு எதிர்ல போறேன்" என்றார். பிறகு, "நீங்களும் வரீங்களா?" என்று கேட்டார்.

என் பையில் கைபேசி அடித்தது. கொழுந்தனார்.

"அண்ணி! வண்டி ஓடிகிட்டே நிக்குது, கிளட்ச்ச விட்டா தாவுது!"

"பிரேக்க முழுசா மிதிச்சுகிட்டு விடு தம்பி. எனக்கு இப்ப நேரமில்ல" என்றேன். "நான் கடலுக்குப் போறேன்."