நார்மன் அடைத்த புகைபோக்கி

நார்மன் ஹெப்பிள் நாற்பத்தொரு வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் அவருக்கு மிச்சம் வைத்தது நெஞ்சு இருமலும் மந்தக் காதும்தான். காது கேட்காது என்று யாராவது சொன்னால் மட்டும் நன்றாகக் கேட்கும், சண்டைக்கு வந்துவிடுவார். முப்பது வருடமாக எதிர் வீட்டில் குடியிருப்பவள் நான், அதனால் அவரை ரொம்பப் புகழ என்னால் முடியாது.

எங்கள் டர்ஹாம் சுரங்கத் தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளின் கணப்படுப்புகள் ஒரே சுவரில் முதுகோடு முதுகாக இருக்கும். அவசரம் என்றால் நெருப்புக் கிளறும் கம்பியால் அடுப்பின் பின்னிருக்கும் இரும்புத் தகட்டைத் தட்ட வேண்டும். மூன்று தட்டு என்றால் உடனே வா என்று அர்த்தம். நார்மனின் மனைவிக்கு மூச்சு முட்டிய அன்று அவர் தட்டித்தான் பக்கத்து வீட்டு ஆக்னஸ் ஓடிவந்தாள். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, ஆக்னஸுக்கு இடுப்பு விட்டுப்போய் நடை தள்ளாடியபோது, அவள் தட்டினால் போக வேண்டியது நார்மன் என்றாகிவிட்டது. அந்த இரும்புச் சத்தம் மட்டும் அவர் காதில் தவறாமல் விழும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் அவர் வீட்டுக்கு எரிவாயு வந்தது. கணப்படுப்பு இரண்டு குளிர்காலம் சும்மா கிடந்தது. காற்றடித்தால் புகைபோக்கியிலிருந்து கரி கொட்டும். மனுஷன் இருமியே சாவார். அடைத்துவிடுங்கள் என்றார் டாக்டர். கூரையேறி மூடி போட மட்டும் நார்மன் மச்சினனைக் கூப்பிட்டார். மற்றதெல்லாம் தானே செய்தார். இரும்புத் தகட்டைப் பெயர்த்து எறிந்தார், செங்கல் அடுக்கினார், காற்றோட்டத்துக்கு ஒரு சின்னக் கம்பிவலை விட்டுப் பூசினார். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது.

ஆக்னஸ் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"ஏய்யா, நான் தட்டினா இனி உனக்கு எப்படிக் கேக்கும்?"

"எல்லாம் கேக்கும். செங்கல்தானே வச்சிருக்கேன், மலையா வச்சிருக்கேன்?"

"உன் நெஞ்சு நல்லாருந்தாப் போதும். நான் எக்கேடு கெட்டா உனக்கென்ன!"

"அப்ப போன் வாங்கி வச்சுக்க. சும்மா தொணதொணக்காத."

பூச்சு காய்ந்ததும் மனசு கேட்காமல் அவரே அவள் வாசலுக்குப் போனார். "ஒரு தடவை தட்டிப் பாரேன் ஆக்னஸ், கேக்குதான்னு பாப்போம்."

"உன்னைக் கூப்பிடற அளவுக்கு நான் இன்னும் நாதியத்துப் போகல. போய்யா!" முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாள்.

இரண்டும் வீம்பு பிடித்த ஜென்மங்கள். நானாவது அவள் வீட்டுக்குள் போய்க் கம்பியை எடுத்துத் தட்டிப் பார்த்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. அது இன்னும் என்னை அரிக்கிறது.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரார்த்தனைக்குப் போய்த் திரும்பியபோதும் ஆக்னஸ் வாசலில் பால் புட்டி அப்படியே இருந்தது. பின்கதவால் உள்ளே போனேன். அடுப்பு அணைந்து கிடந்தது. அதன் முன்னால் அவள் விழுந்து கிடந்தாள், கம்பி கையிலேயே இருந்தது. முந்தின நாள் மத்தியானம் விழுந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நார்மன் வீட்டு டிவில மல்யுத்தம் ஓடிச்சு. அவன் கத்திக்கிட்டிருந்தது எனக்குக் கேட்டுச்சு. கை ஓயற வரைக்கும் தட்டினேன். நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கச் சொல்லுடி." செவ்வாய்க்கிழமை போய்விட்டாள்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அடக்கம் முடிந்து வந்ததும் நார்மன் என்னைத் தேடி வந்தார்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டா."

"என்கிட்டயா? அவ எதுக்குக் கேக்கணும்?"

"அன்னைக்கு அப்படிப் பேசினதுக்காம். கை ஓயற வரைக்கும் தட்டினாளாம்." அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

"எனக்குக் கேட்டும் வரலன்னே நினைச்சுட்டுப் போயிட்டாளா?" என்றார்.