முந்தானை மாறிய அழகி

ஒருத்தி நன்றாக வேலை செய்தால் இன்னொருத்திக்கு ஏன் வயிறு எரிய வேண்டும்? கோட்டையூர் போட்டோ ஸ்டுடியோவில் இது நடந்தபோது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

ஆரோக்கிய ஷீலா அங்கே நெடுநாளாகப் படம் எடுத்தவள். ஒரே பெண் ஒரே படத்தில் இரண்டு பேராக நிற்கும் 'டபுள்' படத்துக்குப் பேர்போனவள். லென்ஸில் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி ஒரு தடவை எடுப்பாள். பிறகு பிலிமை நகர்த்தாமல், பெண்ணை மறுபக்கம் நிறுத்தி, மற்றப் பாதியை மூடி இன்னொரு தடவை. கேமரா மயிரிழை அசைந்தாலும் படம் போச்சு.

தொண்ணூற்றொன்பதில் கொழுந்தன் சிங்கப்பூரிலிருந்து டிஜிட்டல் கேமரா கொண்டு வந்தான். அவன் மனைவி பெல்சி கம்ப்யூட்டர் படித்தவள். எத்தனை படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிப் பார்ப்பாள், பிடிக்காவிட்டால் அழித்துவிடுவாள். வருகிறவர்கள் பெல்சியையே கேட்டார்கள். ஷீலாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அரியக்குடி அக்கம்மாள், கல்யாணம் நிச்சயமான தன் மகள் அழகிக்கு ஒரு டபுள் படம் கேட்டார். பிடித்திருந்தால் கல்யாண வேலையும் தருவதாகச் சொன்னார். பெல்சி ஒரே படம் எடுத்து, அதையே கம்ப்யூட்டரில் இடம் வலமாகத் திருப்பி எதிரே ஒட்டினாள்.

ஷீலா பார்த்ததும் கண்டுகொண்டாள். படத்தில் இருந்த இரண்டு அழகிகளில் ஒருத்திக்கு முந்தானை வலது தோளில் கிடந்தது.

"நல்லா இருக்காக்கா?" என்று கேட்டாள் பெல்சி.

"ரொம்ப நல்லா இருக்குத்தா."

கல்யாண வேலை இனித் தனக்குத்தான் என்று ஷீலா காத்திருந்தாள்.

அக்கம்மாள் படத்தை உற்றுப் பார்த்தார். "என்னத்தா, முந்தானை மாறிக் கெடக்கு?" ஷீலாவின் நெஞ்சு குளிர்ந்தது. "அட, கண்ணாடி பாக்குறாளா! கெட்டிக்காரித்தா நீ. கல்யாணத்துக்கும் நீயே வந்துரு."

அவர் போனதும் ஷீலாவால் பொறுக்க முடியவில்லை.

"கண்ணாடியுமில்ல, கழுதையுமில்ல. திருப்புனா முந்தானை மாறும்னுகூடத் தெரியல ஒனக்கு."

பெல்சி படத்தைப் பார்த்தாள். பிறகு ஷீலாவைப் பார்த்தாள். "மொதல்லயே பாத்துட்டீகளாக்கா?"

ஷீலா தன் கறுப்பு அட்டையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"சரி. இனிமே ஒங்களை மாதிரியே ரெண்டு தடவை எடுத்துச் சேக்குறேன்."

குத்துவதற்குச் சொன்னது பாடமாகிப் போனது. கல்யாணத்தில் பெல்சி எடுத்த டபுள் படங்களில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. "யாருத்தா சொல்லிக் குடுத்தா?" என்று அக்கம்மாள் கேட்டார். "எங்கக்காதான்" என்றாள் பெல்சி.

அந்தப் பெயரையும் பெல்சியே வாங்கித் தந்ததுதான் ஷீலாவுக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது.

உங்களுக்குத் தெரிந்த ஓரகத்திகளுக்கு இதைச் சொல்லுங்கள். அவர்கள் இன்னும் நாலு பேருக்குச் சொல்லட்டும்.