நிழல் இல்லாத காடு

என் மகளோடு தொலைபேசியில் பேசினால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"என்ன சாப்பிட்ட?"

"ரைஸ் மா."

"குளிரு அதிகமா?"

"ஹவ்."

எங்கள் செகந்திராபாத் உருதுவில் 'ஹவ்' என்றால் ஆமாம். அதற்குமேல் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான். என் கணவர் போனை வாங்கி, "ஏட்டி, அப்பா பேசுதேன்" என்பார். "சொல்லுங்கப்பா" என்பாள். அவரிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. "சரி, ஒடம்பப் பாத்துக்க" என்று என்னிடமே திருப்பித் தருவார். அவள் மேல்படிப்புக்கு ஜெர்மனி போன முதல் சில மாதங்கள் இப்படியே போயின.

பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். வீட்டில் விட்டுவிட்டுப் போன அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு தீவு, தீவு முழுக்கக் காடு. மரம் வெட்டலாம், வீடு கட்டலாம், கிழங்கு பயிரிடலாம். இருட்டினால் ஓநாய்கள் வரும். வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் இணையம் வழியாக ஒரே தீவுக்குள் நுழைந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒருவரோடு ஒருவர் பேசலாம். "நீ சும்மா வா மா. போர் அடிச்சா போயிரு" என்றாள்.

எனக்கான உருவத்தையும் அவள்தான் செய்தாள். அந்த விளையாட்டில் சேலை கிடையாது. பச்சைக் கோட்டு, முழங்கால் வரை பூட்ஸ், குட்டை முடி. என் கணவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்க வந்தன்னைக்கு இந்தக் கோலத்துல நின்னிருந்தா காப்பிகூடக் குடிச்சிருக்க மாட்டேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத்தில் தமிழ் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வைத்தபின் நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்வேன். அவளுக்கு அங்கே காலை. நான் மரம் வெட்டுவேன், அவள் சுவர் எழுப்புவாள். "ம்மா, ஏன் மரத்தோட மோதிட்டே நிக்கிற? பேக் போ. பேக்." அப்படித் தொடங்கும். பிறகு தானாகவே பேச்சு வரும். வீட்டுக்காரி குப்பையைப் பிரித்துப் போடவில்லையென்று கதவில் சீட்டு ஒட்டிய கதை, ரசப்பொடி டப்பாவைத் திறந்ததும் பக்கத்து அறைப் பெண் தும்மிக்கொண்டு ஓடிய கதை, வகுப்பில் எல்லாரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் தானும் சிரித்த கதை. போனில் ஒரு சொல்லுக்கு மேல் வராதவள், கையில் கோடாலி இருந்தால் பேசினாள்.

இது எனக்கு ஆச்சரியமில்லை. குஷாய்குடாவில் மின்னணுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் நான் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அங்கே ஈயம் பற்றவைக்கிற மேசையில் குனிந்து வேலை செய்யும்போதுதான் பெண்கள் தங்கள் வீட்டு விஷயங்களைச் சொல்வார்கள். நிமிர்ந்து உட்காரச் சொல்லிக் கேட்டால் சொல்லமாட்டார்கள்.

ஒரு ஞாயிறு, தீவின் வடக்குக் கரையில் நாங்கள் இருவரும் பாலம் கட்டிக்கொண்டிருந்தோம். அவள் இரண்டு மூன்று பலகைகளை அடித்தாள். பிறகு, "ம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டாத" என்றாள்.

திரை அப்படியே நின்றுவிட்டது. அவள் சுத்தியல் பாதி உயரத்தில், அலை பாதி மடிப்பில். சத்தமும் இல்லை. மவுஸை ஆட்டினேன், விசைகளை அழுத்தினேன். விளையாட்டு தானாக மூடிக்கொண்டது. திரும்பத் திறந்து உள்ளே போவதற்குள் தீவில் இருட்டியிருந்தது. என் உருவத்தைச் சுற்றி மரக்கம்புகளால் ஒரு வேலி இருந்தது.

"நீ ஃப்ரீஸ் ஆயிட்டா உன் ஆளு அங்கயே நிக்கும் மா. ஓநாய் வந்து கடிச்சிரும். அதான் போட்டேன்" என்றாள்.

"என்னமோ சொல்ல வந்தியே?"

"அதா? நத்திங் மா. விடு."

விட்டிருக்கலாம். நான் அன்று மாலையே போன் செய்து கேட்டேன். பின்னாலிருந்து அவர் போனைப் பிடுங்கி, "என்ன பிரச்சன, நேரா சொல்லு. யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்று ஆபீஸ் குரலில் சொன்னார். "ஒண்ணும் இல்லப்பா, தூக்கம் வருது" என்று வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு அவள் தீவுக்கு வரவில்லை. படிக்க நிறைய இருக்கிறதென்று ஒரு வரி அனுப்பினாள். அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தாள், எதுவும் நடக்காதது போல. நானும் எதையும் கேட்கவில்லை. நேராகக் கேட்டால் கிடைக்காது என்று புரிந்துவிட்டது. அவள் தானாகச் சொல்லும்போது படம் நிற்காமல் இருக்கவேண்டும். என்னால் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று நினைத்தேன்.

என் தொழிலில் ஒரு விதி உண்டு. கோளாறு தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். மாற்றியதை எழுதவேண்டும். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். அப்படியே செய்தேன்.

முதலில் கம்ப்யூட்டர் பெட்டி. அதற்குத் தூசி படக்கூடாதென்று நானே பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தேன். ஃபிரிட்ஜுக்கும் மிக்ஸிக்கும் போடுகிற மாதிரி. உள்ளே சூடு தங்குகிறதோ என்று எடுத்துவிட்டேன். அவருக்கு மனம் கேட்கவில்லை. "மூச்சு விடணும், அவ்வளவுதான?" என்று சொல்லி, உறையின் பின்பக்கம் கத்தரியால் ஒரு சதுரம் வெட்டித் திரும்ப மாட்டிவைத்தார். அதையும் எடுத்தேன். பெட்டியைத் திறந்து விசிறியில் படிந்த தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்தேன். சத்தம் குறைந்தது. படம் நிற்பது குறையவில்லை.

அடுத்து இணையம். லைன்காரர் வந்து வேகத்தை அளந்தார். "லைன் பராபர் உந்தி மேடம். மீ பாபு ஆடுத்தாடா?" என்றார். லைன் சரியாம்; மகன் விளையாடுவதாக நினைத்துக்கொண்டார்.

"நேனே" என்றேன், நான்தான் என்று.

என் நரைத்த தலையையும் திரையில் நின்ற பச்சைக் கோட்டையும் ஒருமுறை மாறிமாறிப் பார்த்துவிட்டு, கம்பியில்லாமல் வருவதைவிடக் கேபிள் நல்லது என்று மட்டும் சொன்னார். வராந்தாவிலிருந்து கூடத்தின் ஓரமாக கால்மிதிக்கு அடியில் கேபிள் இழுத்தோம். அதில் தடுக்கி என் கணவர் விழப்பார்த்தார். படம் அப்போதும் நின்றது.

பிறகு விளையாட்டின் அமைப்புகளுக்குள் போனேன். கம்ப்யூட்டர் பழையது, அதன் சுமையைக் குறைக்கவேண்டும் என்று இணையத்தில் எழுதியிருந்தார்கள். முதல் வாரம் நிழலை அணைத்தேன். மரங்களுக்கு நிழல் போயிற்று, வீட்டுக்கும், எங்கள் இருவருக்கும். அடுத்த வாரம் புல்லை அணைத்தேன். தரை பச்சைப் பெயிண்ட் அடித்தது போல ஆனது. பிறகு தண்ணீரின் பளபளப்பு. பிறகு தூரத்து மலைகள். எதை அணைத்தாலும் ஓட்டம் சற்று லேசானது. அதனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் விதியை மீறி எதையும் பழையபடி வைக்கவில்லை. அணைத்துக்கொண்டே போனேன்.

ஒருநாள் குன்றின்மேல் நின்று, "ம்மா, சன்செட் பாரு" என்றாள். "பாத்தியா, தண்ணி மேல எப்படி விழுதுன்னு."

எனக்குத் தெரிந்தது ஒரு ஆரஞ்சுப் பட்டையும் அதற்குக் கீழே ஒரு நீலப் பட்டையும்தான்.

"நல்லாருக்கு" என்றேன்.

"அந்தப் பறவைங்க?"

"ம், பாத்தேன்."

என் தீவில் பறவைகள் இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் அணைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

செகந்திராபாத் கம்ப்யூட்டர் கடையில் மெமரி வாங்கிப் போட்டோம். கடைக்காரர் சொன்ன சில மென்பொருள்களையும் புதுப்பித்தோம். ஓட்டம் நன்றாகவே ஆயிற்று. நான் தனியாக நுழைந்து வாரம் முழுக்கச் சோதித்துப் பார்த்தேன். வேலையிலிருந்து வந்ததும் கொஞ்ச நேரம் மரம் வெட்டுவேன். ஒருமுறைகூட நிற்கவில்லை. ஞாயிறு அவள் வந்தாள், நின்றது. எங்கள் பிரிவில் எல்லாரும் பயப்படுவது இந்த மாதிரிக் கோளாறுக்குத்தான். சோதனை மேசையில் ஒழுங்காக ஓடும். வெளியே போனால் நிற்கும். திரும்பி மேசைக்கு வந்தால் ஓடும். எரிந்துபோன சர்க்யூட் பலகையில் கரி தெரியும், தொட்டுக் காட்டலாம். இதில் தொட்டுக் காட்ட ஒன்றும் இருக்காது.

"கம்ப்யூட்டரையும் குடும்ப ஜெபத்துல சேத்துக்கிடுவோமா?" என்று அவர் கேட்டார். கேலிதான். ஆனால் அன்று இரவு ஜெபத்தில், "எங்கள் பிள்ளையோடு பேசுகிற வழியை நீர் காத்துக்கொள்ளும்" என்று அவரே சொன்னதைக் கேட்டேன். நான் கண் திறக்கவில்லை.

போன ஞாயிறு வெயில் கடுமை. பக்கத்து வீடுகளில் எல்லாம் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவர் உள் அறையில் தூங்கினார். நானும் அவளும் கிழங்குத் தோட்டத்துக்கு வரப்பு போட்டுக்கொண்டிருந்தோம். அவள் குரல் அன்று சோர்வாக இருந்தது. சளியா என்று கேட்டேன், இல்லை என்றாள். கொஞ்ச நேரத்தில் படம் நின்றது.

இந்த முறை சத்தம் மட்டும் நிற்கவில்லை. மண்வெட்டி விழும் ஓசை, காற்று, அவள் மூச்சு எல்லாம் ஹெட்போனில் வந்துகொண்டிருந்தது.

"ம்மா?" என்றாள். "போச்சா? ம்மா?"

அவள் மைக் எப்போதும் திறந்தே இருக்கும்; நான் பேசவேண்டுமானால் ஒரு விசையை அழுத்திப் பிடிக்கவேண்டும். பிடித்தேன். "இருக்கேன், இருக்கேன்" என்றேன். குரல் போகவில்லை. படத்தோடு விசைகளும் செத்திருந்தன.

"போச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு மரம் வெட்டும் சத்தம். கம்பு நடும் சத்தம், ஒவ்வொன்றாக. எனக்கு வேலி போடுகிறாள் என்று புரிந்தது. நடுவில் சத்தம் நின்றது. இதுவும் போய்விட்டது என்று நினைத்து ஹெட்போனைக் கழற்றப் போனேன்.

"எனக்கு இங்க முடியலம்மா" என்றாள்.

ஆங்கிலமும் இல்லை, ஊர் உருதுவின் ஹவ்வும் நக்கோவும் இல்லை. வீட்டில் நானும் அவரும் பேசுகிற தமிழ்.

"கிளாஸுக்குப் போயே ரொம்ப நாளாச்சு. காலைல எந்திரிக்கவே முடியல. உன்கூட இப்படிப் பேசுறதுதான். மத்தபடி யார்கிட்டயும் பேசறதில்ல." மூக்கை உறிஞ்சினாள். "வீட்டுக்கு வந்துரட்டாம்மா?"

"வா" என்றேன். "வா, வந்துரு" என்று கூடத்தில் உட்கார்ந்து நின்றுபோன படத்தைப் பார்த்துச் சொன்னேன். விசையை நகம் வெளுக்கும்வரை அழுத்தினேன். அவள் இன்னொரு கம்பை நட்டாள். பிறகு விளையாட்டு மூடிக்கொண்டது.

போனைக் கையில் எடுத்தேன். அவள் பெயரில் விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். அவள் என்னிடம் சொல்லவில்லை. நான் இல்லையென்று நினைத்த ஒரு பச்சைக் கோட்டிடம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தால், அவள் பேசுவதற்கு மிஞ்சியிருக்கிற ஒரே இடத்துக்கும் வராமல் போவாள். இரண்டு ஞாயிறு வராமல் இருந்தது எனக்கு மறக்கவில்லை. உள்ளே போய் அவரை எழுப்பலாமா என்று நினைத்தேன். எழுப்பினால் அவர் அந்த ஆபீஸ் குரலோடு எழுந்துவருவார். விட்டுவிட்டேன்.

கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டேன். தீவு திரையில் வருவதற்குள் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வேலிக்குள் நின்றேன். அவள் ஒரு கம்பை எடுத்து எனக்கு வழி விட்டாள்.

"வந்துட்டியா? எவ்ளோ நேரம் மா. உன் கம்ப்யூட்டருக்கு வயசாயிருச்சு" என்றாள். சிரித்தாள்கூட.

"ஆமா" என்றேன். மண்வெட்டியை எடுத்து விட்ட இடத்திலிருந்து வரப்பைத் தொடர்ந்தேன். அவளும் வந்து எதிர்ப்பக்கம் வெட்டினாள். கை வேலையில் இருக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு, "உன் ரூம்ல அப்பா இஸ்திரி மேசையயும் அரிசி மூட்டையயும் கொண்டு போட்டிருக்காரு. எடுக்கச் சொல்லணும்" என்றேன்.

"கைக்கு? ஏன்?" என்றாள்.

"உன் ரூம்தான? எப்ப வேணா வருவ. கட்டில் மேல அரிசி கெடந்தா எங்க படுப்ப?"

மண்வெட்டிச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவள் உருவம் வரப்பின் மேல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. என் பக்கத்தில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. என் கை அசைந்தது, மேகம் நகர்ந்தது. அவள் மட்டும் நின்றாள்.

"கேக்குதா?" என்றேன்.

லைன்தான் நின்றதா, அவள்தான் நிற்கிறாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கு அளந்து பார்க்கும் கருவி எதுவும் என்னிடம் இல்லை. இன்னொருமுறை கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை. மேற்கே அந்த ஆரஞ்சுப் பட்டை இருண்டுகொண்டு வந்தது. சற்று நேரத்தில் ஓநாய்கள் வரும்.

கோடாலியை எடுத்துக்கொண்டு பக்கத்து மரத்துக்குப் போனேன். கம்புகளை வெட்டிக்கொண்டு வந்து, அவளைச் சுற்றி ஒவ்வொன்றாக நடத் தொடங்கினேன்.