பாவ்லாவின் ஐந்து மில்லிமீட்டர்

ஐந்து மில்லிமீட்டர். நாற்பத்தேழு வயது பாவ்லா ம்லெகுஷின் பெயர் கெட அது போதும்.

போவெட்ஸ் ஊர்ப் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக இரும்பை வெட்டித் துளையிடும் பெண்மணி. எங்கள் மலையேறிகள் சங்கம் 2,400 மீட்டர் உயரத்தில் புயல் தங்குமிடம் கட்டியபோது, ஜூலை வெயிலில் நடந்தே ஏறி, தூண்களின் இடைவெளியை அளந்தவரும் அவரே. பன்னிரண்டு மீட்டர். உத்திரத்தில் துளையிட்டதும் அந்த அளவுக்கே.

அக்டோபரில் ஒரு காலை, பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரி. ஹெலிகாப்டர், கூரையைத் தாங்கும் இரும்பு உச்சி உத்திரத்தைத் தூண்கள்மேல் இறக்கிவிட்டுப் போனது. ஒரு முனையில் போல்ட் ஏறிவிட்டது. மறுமுனையில் உத்திரத்தின் துளைகள் தூணின் துளைகளுக்கு ஐந்து மில்லிமீட்டர் எட்டவில்லை.

பள்ளத்தாக்கிலிருந்து பைலட் இக்னாட்ஸ் வாக்கி-டாக்கியில் பேசினார்: "ஒன்பதரைக்குள்ள போல்ட் ஏறினாத்தான் கூரைத் தகட்டைத் தூக்குவேன். நாளைலேர்ந்து பனி. அப்புறம் வசந்தத்துலதான்."

கூரையில்லாமல் குளிர்காலம் போனால் இரும்புச் சட்டம் நிற்காது.

சங்கத் தலைவர் ஸ்டோயான் டிரில்லை நீட்டினார். "துளையைக் கொஞ்சம் பெருசாக்கிடு பாவ்லா. யாரு பார்க்கப் போறா?"

"காத்து பார்க்கும். லூசா இருந்தா ஆட்டியே அறுத்துடும்."

"அப்ப அளவு தப்புதானே?"

"அளவு ஜூலையோடது. இந்தக் குளிர்ல இரும்பு சுருங்கியிருக்கு. வெயில் வரட்டும்."

"தலைவரே, அதுக்கு ஒரு கம்பளி போர்த்துங்க" என்றார், வாக்கி-டாக்கியில் கேட்டுக்கொண்டிருந்த இக்னாட்ஸ்.

எட்டே முக்காலுக்கு வெயில் மலைமுகட்டைத் தாண்டி உத்திரத்தைத் தொட்டது. பாவ்லா இடுப்பில் கயிறு கட்டி, கருஞ்சிவப்பு உத்திரத்தின் மேல் குதிரையேறியதுபோல் உட்கார்ந்து, உள்ளங்கையால் தடவிக்கொண்டே நகர்ந்தார். முனையில் வெதுவெதுப்பு. நடுவே பனிக்கட்டிபோல் சில்லிப்பு. அங்கே நிழல்.

உச்சி உத்திரம் பொருந்தியதும் அதில் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் இளங்கன்று ஒன்றைக் கட்டுவது எங்கள் வழக்கம். பிறகு வேலையாட்களுக்கு விருந்து. அவ்வளவு உயரத்தில் மரம் ஏது? ஸ்டோயான் கீழேயே கட்டி அனுப்பியிருந்தார், அதுவும் நாலு மீட்டர் மரம், உத்திரத்தின் மேலேயே படுக்கவைத்து. நிழல் அதனுடையதுதான்.

"கயித்தை அறுக்கறேன்" என்றார் பாவ்லா.

"ஐயோ, கட்டின மரத்தை அவுத்தா ஆகாதும்மா" என்றார் ஸ்டோயான்.

"பொருந்தறதுக்கு முன்னாடி கட்டினது மட்டும் ஆகுமா?"

மரம் பாறையில் விழுந்தது. பாவ்லா மறுமுனையில் போல்ட்டைத் துளையோடு வைத்துக் காத்திருந்தார். சற்றைக்கொரு தரம் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. ஸ்டோயான் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். ஒன்பது இருபத்திரண்டுக்கு, சுத்தியலே இல்லாமல், போல்ட் உள்ளே போனது.

"கம்பளி வேண்டாம் இக்னாட்ஸ். தகடு வரட்டும்."

தகடுகள் பத்து மணிக்கு முன்பே வந்தன. விருந்து சனிக்கிழமை, ஸ்டோயான் வீட்டில்.