அல்சிடின் கைக்குட்டை

லியோன்டீனுக்கு நாடகமும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். விடியுமுன்னே ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குப் போய், ஈர விரிப்புகளை இழுத்து உதறி மடித்துவிட்டு மதியம் வீடு திரும்பியவள் அவள். செருப்பைக் கழற்றினால் பாதம் இரண்டும் வீங்கிக் கிடந்தன. முப்பத்தோரு வருடமாக இதே பிழைப்பு. அந்த நேரம் பார்த்துத்தான் நாத்தனார் ஹார்டென்ஸ் இரண்டு டிக்கெட்டோடு வந்து நின்றாள்.

"எந்திரிங்க அண்ணி. மூணு மணிக்கு மேட்னி."

"ஆளை விடுடி. கொஞ்சம் கட்டையைச் சாய்க்கணும்."

"அங்கயும் நாற்காலிதான் போட்டிருக்கான், உக்காந்து தூங்குங்க. டெல்ஃபின் ரோக் கதைண்ணி, நம்ம தெரு ஆளு. நியூயார்க்குலேர்ந்து நாடகக்காரங்க வந்து நமக்கே அவரப் பத்திச் சொல்லித் தரப் போறாங்களாம். அந்தக் கூத்தையும்தான் பாப்போமே!"

டெல்ஃபின் ரோக் நியூ ஆர்லியன்ஸில் இந்த ட்ரெமே பேட்டைத் தெருக்களில் டிரம்பெட் ஊதப் பழகி உலகமெல்லாம் பேர் வாங்கியவர். லியோன்டீனின் புருஷன் அல்சிட் அப்படியொன்றும் பெரிய ஆள் இல்லை. வாரமெல்லாம் பஸ் ஓட்டினார், சனிக்கிழமைகளில் சாவு ஊர்வலங்களில் கழுத்தில் டிரம்மை மாட்டிக்கொண்டு வாசித்தார். ஊரில் பாதிப்பேரைக் கல்லறை வரைக்கும் கொண்டுபோய் விட்டவர் என்று அவரைக் கிண்டல் செய்வார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் கொரோனாவில் போனபோது, கூட்டம் கூடக்கூடாது என்று வேனில் ஏற்றி, ஏழே பேரோடு புதைத்தார்கள். ஒரு டிரம் சத்தம் இல்லை. என்ன கொடுமை இது! "பேண்டு வச்சு இவருக்கு முறை செய்யாம நான் இனிமே எந்த பேண்டு பின்னாலயும் ஒரு அடி நடக்க மாட்டேன்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். அப்புறம் செய்யலாம், அப்புறம் செய்யலாம் என்று பிள்ளைகளும் இழுத்தடித்தார்கள். அவரவருக்கு அவரவர் பாடு. ஐந்து வருடம் ஓடிவிட்டது. தெருவில் ஊர்வலம் வந்தால் இவள் ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். வைராக்கியமாக ஆரம்பித்தது, இப்போது அதைச் சுமப்பதற்கே அவளுக்குத் தெம்பில்லை. அல்சிடின் வெள்ளைக் கைக்குட்டை மட்டும் எப்போதும் கைப்பையில் இருக்கும்.

நாடகம் ஆரம்பித்ததும் தூங்கிப்போனாள். இடையில் விழித்து, "நல்லாத்தான் ஊதுறான், ஆனா வேர்க்கவே மாட்டேங்குதே. ரோக்குக்குச் சட்டையே நனைஞ்சு சொட்டுமாம்" என்று குறை சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடினாள்.

முதல் பாதி முடிவில் ரோக்கின் தாயார் இறந்துபோகிறாள். மேடையிலிருந்து பேண்டு இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே மெதுவாக வாசித்துக்கொண்டு வந்தது. லியோன்டீன் விருட்டென்று நிமிர்ந்தாள்.

"அடப்பாவி, டிரம்முல துணி வைக்கலையே! கம்பி இப்படியா சலசலக்கும்? எந்த ஊருச் சாவுடி இது?"

டிரம்மின் அடியில் ஓடும் கம்பிகளுக்குள் கைக்குட்டையைச் செருகினால் சத்தம் அமுங்கும். சாவுக்கு அப்படித்தான் வாசிப்பார்கள். அடக்கம் முடிந்ததும், செத்தவரை வழியனுப்பியாயிற்று என்று அதை உருவிவிட்டு ஆட்டம் போடுவார்கள். அல்சிட் அதை உருவும் நொடிக்காக ஊரே காத்து நிற்கும்.

பேண்டு பின்கதவு வழியாகப் போனதும் திரை விழ வேண்டும், இடைவேளை விட வேண்டும் என்பது நியூயார்க்காரர்கள் போட்ட திட்டம். ஆனால் பேண்டு கடந்து போகும்போது இந்த ஊரில் எவன் உட்கார்ந்திருப்பான்? வரிசை வரிசையாக எழுந்து பின்னாலேயே நடந்தார்கள். "பதினஞ்சு நிமிஷம்தாங்க, பதினஞ்சு நிமிஷம்தான்!" என்று வாசல்காரர் கத்தியது யார் காதிலும் விழவில்லை. கூட்டம் பேண்டையே நெட்டித் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அரங்கத்தில் மிச்சம் லியோன்டீனும் ஹார்டென்ஸும்தான்.

"வாங்கண்ணி."

"நான் சொன்னது மறந்துபோச்சா?"

"எங்க அண்ணனுக்கு முறை செய்யாம நடக்க மாட்டேன்னீங்க. பேண்டு வெளியதான நிக்குது? கேளுங்களேன்."

லியோன்டீன் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் காலால் தேடி மாட்டினாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வெளியே டிரம்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும்.

"எந்த ஊருப்பா?"

"சிகாகோம்மா."

"அதான பாத்தேன். டிரம்மைத் திருப்பு." கைக்குட்டையை எடுத்துக் கம்பிக்குள் தானே செருகினாள். "அந்த முக்கு வரைக்கும், மெதுவா. என் வீட்டுக்காரருக்கு. அல்சிட்னு பேரு."

"நம்ம பஸ்கார அல்சிடுக்கா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். தொப்பிகள் இறங்கின.

வாசித்தார்கள். டிரம் அமுங்கித் தொப் தொப்பென்றது. வீங்கிய காலை இழுத்து இழுத்து லியோன்டீன் பேண்டுக்குப் பின்னால் நடந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. அசதிதான் வந்தது.

முக்கில் பேண்டு நின்றது. டிரம்காரர் குச்சியைத் தூக்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். கைக்குட்டையை உருவ வேண்டும். லியோன்டீன் அசையவில்லை. அதை உருவிவிட்டால் எல்லாம் முடிந்தது. நாளைக்கு எதைச் சொல்லி ஜன்னலைச் சாத்துவது?

ஹார்டென்ஸ் அவள் தோளைத் தொட்டாள். "விடுங்கண்ணி. அஞ்சு வருஷமா வாசல்லயே நிக்கிறாரு. அண்ணனுக்கும் கால் வலிக்கும்ல?"

அப்போதுதான் லியோன்டீனுக்கு அழுகை வந்தது.

"சரி, கிளம்புங்க" என்று அல்சிடிடம் சொல்லிவிட்டு, குனிந்து கைக்குட்டையை உருவினாள்.